ஜூலையில் வரும் பாப்பாவுக்கு மெல்பர்ன் வானிலை

டார்னீட், மெல்பர்ன்
மே 18

அன்புள்ள சித்திக்கும் சித்தப்பாவுக்கும்,

நாங்கள் இங்கே நலம். கும்பகோணத்தில் கத்திரி வெயில் ஆளைப் பொசுக்குகிறது என்று அம்மா சொன்னாள். இங்கே வந்து படிக்கப் பாப்பாவுக்கு விசா வந்ததில் எங்களுக்கும் ரொம்ப சந்தோஷம். போனில் சித்தி கேட்டது முழுக்கக் குளிரைப் பற்றித்தான். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். எழுதினால் சித்தப்பா மடித்துப் பத்திரமாக வைத்திருப்பார், பாப்பாவும் படிப்பாள் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் பனி. மெல்பர்ன் ஊருக்குள் பனி விழாது. பனி பார்க்க வேண்டுமென்றால் மவுண்ட் புல்லர் போன்ற மலைகளுக்குக் காரில் மூன்று மணி நேரம் போக வேண்டும். அதனால் சித்தி தி.நகரில் பார்த்து வைத்திருக்கும் முழங்கால் பூட்ஸ் வேண்டாம். கனமான அந்த கோட்டும் வேண்டாம். ஜூலையில் இங்கே பகலில் சுமார் 14 டிகிரி, விடிகாலையில் 6, 7 டிகிரி. கனடாவில் இருக்கிற மாமாவிடம் சொன்னால் இதெல்லாம் ஒரு குளிரா என்று சிரிப்பார்.

ஆனால் அவர் வீட்டுக்குள் பனியனோடு உட்கார்ந்துகொண்டு சிரிப்பார். இங்கே அது நடக்காது. கனடா வீடுகள் குளிருக்கென்றே கட்டியவை. மெல்பர்னில் பழைய வாடகை வீடுகள் பலவற்றுக்கு மரப்பலகைச் சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், கதவுக்கு அடியில் விரல் நுழைகிற இடைவெளி. வெளியே இருக்கும் குளிர் ராத்திரி உள்ளே வந்து படுத்துக்கொள்ளும். வாடகைக்கு விடும் வீட்டில் பொது அறையில் சுவரோடு பொருத்திய ஹீட்டர் இருந்தாக வேண்டும் என்று விக்டோரியா மாநிலத்தில் 2021-ல் விதி கொண்டுவந்தார்கள். கவனிக்க வேண்டியது, பொது அறையில்தான். படுக்கையறைக்கு அந்த விதி பேசாது. நான்கைந்து பேர் சேர்ந்து எடுக்கும் மாணவர் வீட்டில் பாப்பா அறை பார்க்கப் போகும்போது வாடகைக்கு அடுத்த கேள்வி ஹீட்டர் எங்கே இருக்கிறது, கரன்ட் பில் யார் கட்டுவது என்பதாக இருக்கட்டும். சுவர் மூலையிலும் ஜன்னல் ஓரத்திலும் கறுப்பாகப் பூஞ்சை படிந்திருந்தால் அந்த வீடே வேண்டாம். மேலே புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் சந்தேகப்படலாம். பாப்பாவின் உடம்புக்கு ஏன் இது முக்கியம் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

ஜூன், ஜூலையில் சாயங்காலம் ஐந்தரைக்குள் சூரியன் இறங்கிவிடும். காலையில் ஏழரையை ஒட்டித்தான் சூரியன் எழும். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் இருட்டு. புதிதாக வருகிறவர்களைக் குளிரைவிட இதுதான் வாட்டும், ஊர் ஞாபகம் வந்து அழுகிற பிள்ளைகள் எல்லாம் இந்த மாதங்களில்தான் அழும். முதல் ஒரு மாதம் பாப்பா எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான். வீட்டு வேலையும் கொஞ்சம் மாறும். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாகிவிடும், வெந்நீரில் நிறுத்தி எடுக்க வேண்டும். இட்லி மாவு தானாகப் புளிக்காது. உங்கள் மருமகள் மாவுப் பாத்திரத்தை ஓவன் அடுப்புக்குள் வைத்து அதன் விளக்கை மட்டும் ராத்திரி முழுக்க எரிய விடுகிறாள், காலையில் பொங்கி நிற்கிறது. துணி வெளியே காயாது, அறைக்குள் ஸ்டாண்டில் விரித்தால் இரண்டு நாள் ஆகும்.

அப்புறம் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் ஊரில் சொல்கிறோமே, இங்கேயும் ஆடி ஆவணியில்தான் காற்றுக்கு வேகம் அதிகம். நாங்கள் இருக்கும் மேற்குப் பக்கம் முழுக்கத் தட்டையான சமவெளி, தடுக்க ஒன்றும் கிடையாது. அதனால் குடை கொடுத்து அனுப்பாதீர்கள். மழை பெய்த மறுநாள் சிட்டியில் குப்பைத் தொட்டிகளைப் பார்த்தால் தெரியும், கம்பி முறிந்த குடைகள் தலைகீழாக நிற்கும். தலையை மூடும் தொப்பி வைத்த மழைக்கோட்டுதான் சரி.

மழைக்கு மெல்பர்ன் பேர்போன ஊர், ஆனால் அளந்து பார்த்தால் அவ்வளவு இல்லை. சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது, இங்கே அதில் பாதிகூடத் தேறாது. நம் ஐப்பசி மழை போலக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போனால் பரவாயில்லை. இது ஒரு தூறல், நிற்கும், வெயில் அடிக்கும், திரும்பத் தூறும். ஆபீசில் எல்லோரும் கிளம்புவதற்கு முன்னால் போனில் வானிலைத் துறையின் ரேடாரைப் பார்ப்பார்கள். மேகம் எந்தப் பக்கத்திலிருந்து நகர்ந்து வருகிறது என்று அதில் தெரியும். பத்து நிமிடம் பொறுத்தால் நனையாமல் ரயில்வே ஸ்டேஷன் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு நிற்பார்கள். பாப்பாவுக்கும் அந்தப் பழக்கம் ஒரு மாதத்தில் வந்துவிடும்.

ஒரே நாளில் நான்கு பருவத்தையும் பார்க்கலாம் என்று இந்த ஊர்க்காரர்களே தங்கள் ஊரைக் கேலி செய்வார்கள். காரணம் ஊர் இருக்கிற இடம். வடக்கே கண்டத்தின் நடுப்பகுதி, காய்ந்த பாலை நிலம். தெற்கே குளிர்ந்த கடல், டாஸ்மேனியாவைத் தாண்டினால் அப்புறம் அண்டார்டிகாதான். வடக்கிலிருந்து காற்று வீசும்வரை அனல். காற்று தென்மேற்குக்குத் திரும்பியதும் கடல் குளிர் மொத்தமும் ஊருக்குள் வந்துவிடும். கோடையில் மத்தியானம் 38 டிகிரியில் வேர்த்துக்கொண்டு போனவர்கள் சாயங்காலம் 22 டிகிரியில் கையைக் கட்டிக்கொண்டு திரும்புவார்கள். இறங்குவதற்குச் சில நேரம் அரை மணி நேரம்கூட ஆகாது. அதனால் இங்கே பருத்தி பனியன், மேலே ஒரு சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் மெல்லிய ஜாக்கெட் என்று கழற்றவும் மாட்டவும் தோதாக அடுக்கிப் போடுவார்கள். ஒரே கனமான கோட்டு எதற்கும் உதவாது.

இங்கே பருவத்தை மாதக் கணக்கில் வெட்டி வைத்திருக்கிறார்கள். செப்டம்பர் 1 வசந்தம், டிசம்பர் 1 கோடை, மார்ச் 1 இலையுதிர்காலம், ஜூன் 1 குளிர்காலம். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த கணக்கு இது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான உருண்ட்ஜெரி மக்கள் வருடத்தை ஏழு பருவமாகப் பிரித்தார்கள். விலாங்கு மீன் கடலுக்கு இறங்கும் பருவம், வோம்பாட் என்ற வளைவாழ் விலங்கு வெளியே தென்படும் பருவம், தவளைக்குஞ்சுப் பருவம் என்று கண்ணால் பார்க்கிறதை வைத்தே பிரிவு. கார், கூதிர், முன்பனி, பின்பனி என்று ஆறாகப் பிரித்த நம் ஆட்களுக்கு இது சுலபமாகப் புரியும். அவர்கள் கணக்கில் நவம்பர், புல் பூக்கும் பருவம். அந்த ஒரு பருவத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

சித்தி, பாப்பாவுக்குச் சின்ன வயதில் இழுப்பு வந்து ராத்திரியில் டாக்டர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது நினைவிருக்கிறதா? இப்போது சரியாகிவிட்டது, தூசி பட்டால் தும்மல் மட்டும்தான் என்கிறீர்கள். இங்கே அந்தத் தும்மலையும் கணக்கில் எடுக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஊருக்கு வடக்கிலும் மேற்கிலும் இருக்கிற புல்வெளிகளிலிருந்து ரைகிராஸ் என்ற புல்லின் மகரந்தம் காற்றில் வரும். மகரந்தம் முழுசாக இருந்தால் மூக்கிலேயே தங்கிவிடும், தும்மலோடு போகும். இடிமழை வந்தால் கதை வேறு. மகரந்தம் ஈரத்தில் ஊறி வெடித்துப் பொடியாகும், புயல்காற்று அந்தப் பொடியைக் கீழே தள்ளும், அது நேராக நுரையீரலுக்குள் போய்விடும். 2016 நவம்பர் 21-ம் தேதி சாயங்காலம் அப்படித்தான் ஆனது. சில மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிகளுக்கு ஓடினார்கள், ஆம்புலன்ஸ் போதவில்லை, பத்துப் பேர் இறந்துபோனார்கள். அதுவரை ஆஸ்துமாவே வராதவர்கள், வெறும் தும்மல் மட்டும் இருந்தவர்கள் பலர் அன்று மாட்டினார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தவர்களை அது அதிகமாகத் தாக்கியது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

பயமுறுத்த எழுதவில்லை. அதற்குப் பிறகு அரசாங்கம் முன்னறிவிப்பு ஏற்பாடு செய்துவிட்டது. அந்த மூன்று மாதமும் இடிமழை ஆஸ்துமா அபாயம் குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று மாவட்டவாரியாக விக் எமர்ஜென்சி செயலியில் வரும். அதிகம் என்று வந்தால் புயல் வருவதற்கு முன்னால் வீட்டுக்குள் போய்க் கதவு ஜன்னலை மூடிக்கொள்ள வேண்டும், வெளிக்காற்றை இழுக்கும் ஏசியையும் நிறுத்த வேண்டும். மழை வருகிறதே என்று ஆசையாக வாசலில் போய் நிற்கிற நம் ஊர்ப் பழக்கத்தை அன்று மட்டும் விட்டுவிடணும். பாப்பா கிளம்பும் முன் அங்கே டாக்டரிடம் காட்டி, பழைய இழுப்பு விவரத்தையும் மருந்துப் பெயர்களையும் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். இங்கே வந்ததும் டாக்டரிடம் கூட்டிப்போய், இழுப்பு வந்தால் என்ன செய்வது என்ற ஆஸ்துமா திட்டம் எழுதி வாங்கிவிடுவேன். அங்கே ஆஸ்தலின் என்று விற்கிற இன்ஹேலர் மருந்து இங்கே வென்டோலின் என்ற பெயரில் சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் கிடைக்கும். இழுப்பு வந்தால் ஸ்பேசர் குழாய் வழியாக ஒவ்வொன்றாக நான்கு பஃப், ஒவ்வொரு பஃபுக்கும் நான்கு மூச்சு, அப்புறம் நான்கு நிமிடம் பார்ப்பது. குறையவில்லை என்றால் உடனே 000 என்ற அவசர எண்ணுக்குப் போன் செய்துவிட்டு அதையே திரும்பச் செய்வது. இதை பாப்பா மனப்பாடம் செய்து வைக்கட்டும்.

வசந்தத்தில் மேக்பை என்று ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை, கூட்டுப் பக்கம் போனால் தலையில் கொத்த வரும். சைக்கிளில் போகிறவர்கள் ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் கேபிள் டைகளைக் குத்திட்டு நிற்கும்படி கட்டிக்கொள்வார்கள். பாப்பா சிரிக்கட்டும் என்று எழுதினேன், ஆனால் நிஜம்.

கோடையில் பகல் வெப்பம் சராசரி 26 டிகிரிதான். இடையிடையே 40-ஐத் தாண்டும் நாள்கள் வரும். 2009 பிப்ரவரி 7-ம் தேதி 46.4 டிகிரி. அன்று மாநிலத்தில் பற்றிய காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள், கருப்புச் சனிக்கிழமை என்கிறார்கள். நம் ஊர் போலக் கசகசக்காது, உதடும் தோலும் வெடிக்கும். வெயில் நாளில் நாம் ஜன்னலைத் திறப்போம், இங்கே காலையிலேயே ஜன்னலையும் திரையையும் மூடிவிட்டு, தென்மேற்குக் காற்று வந்ததும் எல்லாவற்றையும் திறப்பார்கள். முழுத் தீத்தடை நாள் என்று அறிவித்தால் வெளியே விறகு எரிக்க முடியாது, அபராதம் பலமாக இருக்கும். ஒரு வருடம் பொங்கல் அன்றைக்கே தடை. கொல்லையில் அடுப்புக் கூட்டி வைத்திருந்ததைக் கலைத்துவிட்டு வீட்டுக்குள் கேஸ் அடுப்பில்தான் பொங்கல் வைத்தோம்.

மார்ச்சிலிருந்து மே வரை நல்ல நாள்கள். காற்று அடங்கும், வெயில் இதமாக இருக்கும். நீங்கள் இரண்டு பேரும் வருவதானால் அப்போது வாருங்கள்.

போன் விஷயம் ஒன்று. இப்போது நமக்கும் இந்த ஊருக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், அக்டோபர் முதல் ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை ஐந்தரை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு சித்தி கூப்பிட்டால் இங்கே நடுநிசி தாண்டியிருக்கும்.

பெட்டியில் ஒரு நல்ல ஸ்வெட்டர், இரண்டு தெர்மல் உள்ளாடை, கம்பளிச் சாக்ஸ் போதும். மற்றதை இங்கே பழைய துணிக்கடையில் மலிவாக வாங்கிக்கொள்ளலாம். மருந்தை மூன்று மாதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், டாக்டர் சீட்டு கைப்பையில் இருக்கட்டும். ஊறுகாய், பருப்புப்பொடி, மருந்து எது இருந்தாலும் இறங்கும்போது கொடுக்கும் படிவத்தில் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். ஸ்வெட்டரையும் பெட்டியில் போடாமல் கையிலேயே வைத்திருக்கட்டும், விமான நிலையத்துக்கு வெளியே கார் நிறுத்தும் இடத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போகும். டிக்கெட் போட்டதும் நேரத்தை எழுதுங்கள், நான் அன்று லீவு சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அன்புள்ள,
பெரியவன்