எங்கள் ஒத்துக்காரர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழில் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்தைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்து மகிழ்ந்தேன். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடி வாங்கிக் கடைந்து நாயனம், அதாவது நாதஸ்வரம், செய்யும் ஆசாரிமார்களின் உழைப்பையும், 2022-இல் அந்த ஊர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததையும் கட்டுரையாளர் விரிவாக எழுதியிருந்தார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அவர்களால் பாரி நாயனம் என்ற நீளம் கூடிய, சுருதி இறங்கிய நாதஸ்வரம் பரவிய வரலாறும் இருந்தது. நாயனத்துக்குச் சுருதி கொடுக்கும் ஒத்து என்ற கருவியைப் பற்றி மட்டும் ஒரு வரி கூட இல்லை. அந்தக் கட்டுரை வந்த வாரத்தில்தான் எங்கள் நாதஸ்வரக் குழுவில் ஒத்து ஊதிய அண்ணன் தமது 82-ஆம் வயதில் காலமானார். அதனால்தான் இக்கடிதம்.

இளைய வாசகர்களுக்காக, ஒத்து என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பார்வைக்கு நாதஸ்வரம் போலவே இருக்கும். வாயில் வைத்து ஊதும் சீவாளி உண்டு, அடியில் விரிந்த அணைசு உண்டு. வாசிப்பதற்கான விரல் துளைகள் கிடையாது. அடிப்பக்கம் உள்ள சில துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்ப்பார்கள். அதில் வருவது ஒரே ஸ்வரம், ஆதார ஷட்ஜம், அதாவது 'ஸ'. வாயால் ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். இழுக்கும் அந்தக் கணத்தில், கன்னத்தில் தேக்கிவைத்த காற்று சீவாளிக்குப் போகும். சத்தம் எங்கும் அறுபடக் கூடாது. சும்மா நின்று ஊதுகிற வேலைதானே என்று நினைப்பவர்கள் கால் மணி நேரம் முயன்று பார்க்கட்டும்.

அண்ணன் சிறுவயதில் குருகுலவாசமாக ஒரு வித்வான் வீட்டில் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் நாயனம் கற்க வரும் பிள்ளைகள் கையில் முதலில் ஒத்தைத்தான் கொடுப்பார்கள். கச்சேரிக்குக் கச்சேரி ஆசிரியருக்குப் பக்கத்தில் நின்று ஊதும்போதே சுருதி காதில் ஏறும், ராகங்கள் மனத்தில் படியும். கூடச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக நாயனத்துக்குப் போய்விட்டார்கள். அண்ணன் ஒத்திலேயே நின்றுவிட்டார். நாயனம் வராமல் இல்லை. வீட்டில் அவர் வாசித்துக் கேட்டிருக்கிறேன், சஹானா ராகம் மிக நன்றாக இருக்கும். ஏன் மாறவில்லை என்று கேட்டால் வெற்றிலையை மடித்துக்கொண்டே பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார். கடைசி வரை எனக்கு அதற்கு விடை கிடைக்கவில்லை.

எங்கள் குழுவில் நான் இரண்டாவது நாயனம். அவர் எனக்கு நேர் பின்னால் நிற்பார். அவருடைய வெற்றிலைப் பையில் சுண்ணாம்பு டப்பிக்குப் பக்கத்தில் ஒரு மெழுகு உருண்டை எப்போதும் இருக்கும். மார்கழி விடியற்காலையில் குளிருக்கு நாயனத்தின் சுருதி இறங்கும். வெயில் ஏறினால் சுருதியும் ஏறும். இது நாயனக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் நாங்கள் கவனிப்பதற்கு முன்பே அவருடைய கட்டைவிரல் நகம் ஒத்தின் அடித் துளையில் போய் நிற்கும். சிறிது மெழுகைச் சுரண்டுவார், அல்லது சிறிது அப்புவார். அப்போதும் ஊதுவது நிற்காது. சுருதி வந்து எங்களோடு ஒட்டிக்கொள்ளும். இன்று மேடையில் இருக்கும் மின்சுருதிப் பெட்டிக்கு வெயிலும் தெரியாது, பனியும் தெரியாது. அது நின்ற இடத்திலேயே நிற்கும். நாயனக்காரன்தான் அதைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும். வீதியில் அந்தப் பெட்டி ஒலிபெருக்கி இல்லாமல் பத்தடி தூரம் கூடக் கேட்காது. ஒத்து, நாயனத்தின் இனம், வெட்டவெளிக்கென்றே பிறந்தது.

மன்னார்குடி ராஜகோபால சுவாமி கோயில் பங்குனிப் பெருவிழாவில் ஓர் இரவுப் புறப்பாடு. சுவாமி புறப்படும்போது வாசிக்கும் மல்லாரி முடிந்து, வீதித் திருப்பத்தில், முதல் நாயனம் வாசிக்கும் எங்கள் பெரியவர் தோடி ராகத்தைத் தொடங்கினார். ஆலாபனை நன்றாக ஏறிக்கொண்டிருந்தபோது அவருடைய சீவாளி அடைத்துக்கொண்டது. கழற்றினார். நாயனத்தில் தொங்கும் மாற்றுச் சீவாளிகளில் ஒன்றை எடுத்து வாயில் வைத்து ஊறவிட்டார், அது சரிப்படவில்லை, இன்னொன்றை எடுத்தார். நான் இடையில் புகுந்து வாசிக்கலாமா என்று பார்த்தேன். வேண்டாம் என்று கண்ணால் தடுத்துவிட்டார். அவ்வளவு நேரமும் ஒத்து மட்டும் தனியாக ஒலித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவர் கூட நகரவில்லை, ஒருவரும் பேசவில்லை. தவில்காரர் கூடு போட்ட விரல்களைத் தவிலின் வலப்பக்கமான வலந்தலையின் மேல் அசையாமல் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பெரியவர் மறுபடி வாயில் வைத்தபோது, விட்ட ஸ்வரமான காந்தாரத்திலேயே போய் உட்கார்ந்தார். அந்த இரவைப் பற்றிப் பிற்காலத்தில் பேசியவர்கள் எல்லோரும் அந்தத் தோடியைத்தான் சொன்னார்கள். அதைத் தாங்கி நின்றவரை ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது அண்ணன் என்னைத் தனியாக அழைத்து, "தம்பி, நேற்று சஹானாவில் உங்கள் நிஷாதம் கொஞ்சம் ஏறி நின்றது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். பாராட்டோ குறையோ, பத்துப் பேர் முன்னால் சொல்ல மாட்டார். என் வாசிப்பில் ஏதாவது சுத்தம் இருக்கிறது என்றால் அதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

பணத்தில் அவருக்குக் கால் பங்குதான். கல்யாண அழைப்பிதழிலும் திருவிழா நோட்டீஸிலும் நாயனக்காரர்கள் பெயர் இருக்கும், தவில்காரர்கள் பெயர் படத்தோடு இருக்கும். அவர் பெயர் ஒருமுறை கூட வந்ததில்லை. பின்னர் மின்சுருதிப் பெட்டி வந்தது. ஆள் ஒன்று குறைந்தால் செலவு குறையும் என்று விழா நடத்துபவர்கள் சொன்னார்கள். நாங்களும் குடும்பஸ்தர்கள், எதிர்த்துப் பேசும் நிலையில் இல்லை. அண்ணன் ஒத்தைத் துணியில் சுற்றி வைத்துவிட்டுத் தாளம் போட வந்தார். அதிலும் ஒரு குறை வைக்கவில்லை. பிறகு முழங்கால் வலி வந்து, வீதி சுற்ற முடியாமல் வீட்டோடு இருந்துவிட்டார்.

இன்று பல கோயில்களில் பூஜை நேரத்தில் சுவிட்சைப் போட்டால் அடிக்கும் இயந்திர மேளம் வந்துவிட்டது. முதலில் ஒத்துக்காரர் வேண்டாம் என்றார்கள். இப்போது மேளக்காரரே வேண்டாம் என்கிற இடத்துக்கு வந்திருக்கிறோம். முதல் ஆளை நிறுத்தியபோதே நாங்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தங்கள் வாயிலாக இரண்டு வேண்டுகோள்கள். கோயில் விழாக் குழுவினரும் கல்யாண வீட்டாரும் அழைப்பிதழில் நாதஸ்வரம், தவிலோடு தாளம், சுருதிக்காரர்கள் பெயரையும் அச்சிட வேண்டும். இதற்கு ஒரு காசு செலவில்லை. நாதஸ்வரம், தவில் பயிற்சிப் பள்ளிகளில் தொடக்க நிலை மாணவர்களுக்கு ஒத்தையும் கற்றுத்தர வேண்டும். மூச்சுப் பயிற்சிக்கு அதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன்.

அண்ணனின் ஒத்தை அவர் மகன் பத்திரமாக வைத்திருக்கிறார். சீவாளி மாற்றி நானே ஊதிப் பார்த்தேன், நாதம் நன்றாக இருக்கிறது. கற்க விரும்பும் பிள்ளைகளுக்குக் கொடுக்க அவர் தயாராக இருக்கிறார். சொல்லித்தர நான் தயாராக இருக்கிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம். ஆர்வமுள்ளவர்கள் தங்கள் அலுவலகத்துக்கு எழுதினால், அக்கடிதங்களை எனக்கு அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூத்த நாதஸ்வரக் கலைஞர்,
குத்தாலம் வட்டம், மயிலாடுதுறை மாவட்டம்.