கணவரிடமா கேட்பது, மனைவி பட்ட அடியை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காதுகேளாத பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற சிறப்பாசிரியை நான். என்னிடம் படித்த பெண் ஒருவர், கணவரின் அடி தாங்காமல் காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறார். பின்னாலேயே வந்துவிட்ட கணவரிடமே, "என்ன சொல்லுது இந்தப் பொண்ணு?" என்று அங்கிருந்தவர்கள் கேட்க, "வீட்டில் சின்னச் சண்டை" என்று அவர் சொன்னதே பதிவாயிற்று. தகவல் கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது, கன்றி வீங்கியிருந்த இடக்கையை அந்தப் பெண்ணால் தூக்க முடியவில்லை. இரு கைகளால் பேச வேண்டியதை ஒரு கையால், பாதிப் பாதியாகச் சொன்னார்.

பாலியல் குற்றத்துக்கு ஆளான மாற்றுத்திறனாளியின் புகாரை, அவர் வீட்டிலோ அவருக்கு வசதியான இடத்திலோ, மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியர் முன்னிலையில் பெற்று, காணொளியாகவும் பதிய வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தம் முதலே சட்டம். இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவிலும் அது தொடர்கிறது. ஆனால் அப்பிரிவு அடுக்கும் குற்றங்களில், கணவரும் அவர் உறவினரும் செய்யும் கொடுமை இல்லை. மாதக்கணக்கில் அடிபடுகிறவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று எப்படி முடிவு செய்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவரின் வழக்கில், 2021 ஏப்ரலில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், துணைக்கு வந்தவரிடம் அல்லாமல் பாதிக்கப்பட்டவரிடமே நேரடியாகப் பேசக் காவலர்களைப் பழக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அந்தப் பயிற்சி காவல் நிலையத்தோடு நில்லாமல், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையங்களுக்கும், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு அலுவலர்களுக்கும் சென்றாக வேண்டும்.

பெண்கள் உதவிக்கான தொலைபேசி எண் 181 என்கிறோம். காதுகேளாத பெண் அந்த எண்ணை அழைத்து என்ன பேசுவார்? சைகைமொழி தெரிந்தவர் எந்நேரமும் முகம் பார்த்துப் பேசும்படி, காணொளி அழைப்பு வசதியை அதில் சேர்க்கலாம். மாவட்டந்தோறும் மொழிபெயர்ப்பாளர் பட்டியலைத் தயாரித்து, அவர்களுக்கான ஊதியத்தையும் பயணச் செலவையும் அரசே ஏற்க வேண்டும். இன்றுவரை இந்த வேலை எங்களைப் போன்றவர்களின் தயவில்தான் நடக்கிறது. நள்ளிரவில் அழைப்பு வந்தால் எல்லாராலும் கிளம்பிவிட முடிவதில்லை.

கணவரோ மாமியாரோ சொன்னதைக் கேட்டு எழுதி முடித்துவைத்த இத்தகைய புகார்களை மீண்டும் திறந்து, அந்தப் பெண்களின் வாக்குமூலத்தை அவர்களின் சைகையிலேயே பெறுமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறப்பாசிரியை,
திண்டுக்கல்