அழகப்பனுக்கு, பள்ளிக்கூட விஷயமாக

காரைக்குடி

அன்புள்ள அழகப்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நேற்றுத்தான் வீட்டில் முன்னோருக்குப் படைப்பு முடிந்தது, இன்று வளவு முற்றத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சைகோனில் பிரெஞ்சுப் பள்ளியா பிரிட்டிஷ் பள்ளியா என்று உனக்கும் தெய்வானைக்கும் சண்டையாமே! நம் ஐயாமார் (தாத்தாமார்) அங்கே கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ண, போனபோது தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினார்கள், பிள்ளைகளை ஊரிலேயே விட்டுவிட்டுப் போனார்கள், இந்தத் தலைவலியே இல்லை.

நான் பட்டதைச் சொல்கிறேன். செனகல் நாட்டுத் தகாரில் இருந்தபோது என் பிள்ளைகள் இரண்டு பேரையும் பிரெஞ்சுப் பள்ளியில்தான் போட்டோம். மூன்று வயதில் மத்தர்னெல், அதாவது மழலையர் பள்ளி. பாட்டு, களிமண், கத்தரிக்கோல், ஆனால் ஆறு வயதில்தான் முறையாக வாசிக்கச் சொல்லித் தருவார்கள். பிரிட்டிஷ் பள்ளியிலோ நாலு வயதில், ரிசெப்ஷன் என்கிற முதல் வகுப்பிலேயே, எழுத்தைக் கூட்டி வாசிக்க ஆரம்பித்துவிடும். லீவில் ஊருக்கு வந்தபோது ஐந்து வயதுப் பயலுக்கு ஒரு வரி வாசிக்கத் தெரியவில்லையே என்று ஆயா (அவன் பாட்டி) அழாத குறை. அடுத்த வருஷமே அவன் கோடு போட்ட நோட்டில் கூட்டெழுத்தில் முத்து முத்தாக எழுதினான், அது வேறு கதை. பெரியவள் பதினோரு வயதில் 'ஆறாம்' வகுப்புக்குப் போனாள் (அங்கே வகுப்பு எண் ஆறு, ஐந்து, நாலு என்று இறங்கிக்கொண்டே போகும்). மதிப்பெண் 20க்கு. பதினாலு வாங்கினால் நல்ல மார்க் என்பது தெரியாமல் முதல் ரிப்போர்ட்டைப் பார்த்து அவளைத் திட்டித் தீர்த்தேன், இன்னும் உறுத்துகிறது.

அதைவிடப் பெரிய தப்பு நைரோபி போனபோது செய்தது. அங்கேயும் பிரெஞ்சுப் பள்ளி இருந்தது. பாரிஸ் அமைச்சகத்தின் பாடத்திட்டம்தான் எங்கும், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கலாம். இனி இங்கிலீஷ்தான் சோறு போடும் என்று பதிமூன்று வயதில் அவளை பிரிட்டிஷுக்கு மாற்றினேன். ஒரு வருஷம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அதனால் உன் மூத்தவளை பிரிட்டிஷ் பள்ளியிலிருந்து மாற்றாதே. பன்னிரண்டு வயது, வீட்டில் யாருக்கும் பிரெஞ்சு வராது, கணக்கும் பௌதிகமும்தான் உயிர் என்கிறாய்; பதினாறு வயதில் ஐஜிசிஎஸ்இ பரீட்சை, அப்புறம் பள்ளிக் கடைசி இரண்டு வருஷம் ஏ லெவலில் மூன்று பாடம் மட்டும் எடுத்து ஆழமாகப் படிப்பது அவளுக்குத்தான் ஏற்றது. பிரெஞ்சுப் பள்ளி இறுதித் தேர்வான பக்கலோரியாவில் கணக்குப் படிக்கும் பிள்ளையும் தத்துவத் தேர்வு எழுதியாக வேண்டும்.

சின்னவன் விஷயம் வேறு. இந்த வயதில் மொழி தானாக ஒட்டும். ஆனால் அவன் கார்த்திகையில் பிறந்தவன் இல்லையா? பிரெஞ்சில் பிறந்த ஆண்டுக் கணக்கு, அதனால் வகுப்பிலேயே இளையவனாக இருப்பான். பிரிட்டிஷில் செப்டம்பர் 1ல் தொடங்கும் கணக்கு, அங்கே மூத்தவர்களில் ஒருவன். நடுவில் மாற்றினால் வகுப்பு இடிக்கும். கம்பெனி அடுத்து உன்னை எங்கே தூக்கிப் போடும் என்று முதலில் கேள், அங்கே பிரெஞ்சுப் பள்ளி உண்டென்றால் தைரியமாகச் சேர். இரண்டு பள்ளி, இரண்டு லீவு அட்டவணை, தெய்வானை உன்னைத் திட்டுவாள், வாங்கிக்கொள்.

அடுத்த வாரம் மச்சான் அங்கே வருகிறான், தேன்குழலும் சீப்புச்சீடையும் கொடுத்தனுப்புகிறேன். சின்னவன் பல்லுக்குச் சீடை வேண்டாம், தேன்குழலைக் கொடு.

உன்,
மெய்யப்பன்