தூக்கி அடி என்று கத்துமுன்: சட்டன் யுனைட்டட்டின் தமிழ் இரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாமாருக்கும் தம்பிமாருக்கும்,

தென் இலண்டனில் நம் கழகத்தின் கேண்டர் கிரீன் லேன் மைதானத்தில் மட்ச் முடிந்து வெஸ்ட் சட்டன் ஸ்டேஷனுக்கு நடக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் நமக்குள் நடக்கிற சண்டையைப் பற்றித்தான் எழுதுகிறேன். தோற்றால் ஒரு சண்டை. சமநிலை என்றால் இரண்டு. "பின்னுக்கு நின்று உருட்டிக்கொண்டு நிற்கிறாங்கள், தூக்கி அடிக்க வேண்டியதுதானே" என்று ஒரு கட்சி. "இந்தக் காலத்திலயும் தூக்கி அடிக்கிற பந்தாட்டமோ" என்று மற்றக் கட்சி. மிட்சம், டூட்டிங், நியூ மால்டன் என்று அவரவர் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் வாட்ஸ்அப்பில் அது ஓயாது.

தூக்கி அடிப்பது கேவலம் என்பவர்களிடம் முதலில் வருகிறேன். 1989 சனவரியில் கொவென்ட்ரி சிட்டியை 2-1 என்று வென்ற கதையை நீங்களே புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லுகிறீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் எஃப்.ஏ. கிண்ணத்தைத் தூக்கிய, அப்போது எல்லாவற்றுக்கும் மேலே இருந்த முதல் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த அணி அது. நாமோ லீக்குக்கு, அதாவது இங்கிலாந்தின் முதல் நான்கு பிரிவுகளுக்கு, வெளியே நின்றவர்கள். நம்முடைய இரண்டு கோலும் எப்படி வந்தன? இரண்டும் மூலை உதையிலிருந்து. முதலாவதில் ஒருவர் தலையால் உரசிவிட, டோனி ரெயின்ஸ் முட்டி உள்ளே போட்டார். இரண்டாவதைக் குறுகலாக எடுத்து, பிறகு கோலுக்கு முன்னாலுள்ள பெட்டிக்குள் அனுப்ப, மாத்யூ ஹான்லன் தரையில் விழுமுன் அடித்தார். கல் வைத்துக் கட்டுகிற வேலை பார்த்தவர் அவர். பயிற்றுநர் பரி வில்லியம்ஸ் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். பயிற்சியில் திட்டமிட்டுச் செய்து பார்த்த வேலை அது. ஒருவரும் அதை அசிங்கமான பந்தாட்டம் என்று சொன்னதில்லை. (அடுத்த சுற்றில் நோர்விச்சிடம் 8-0 என்று வாங்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள், கதை கெட்டுப்போகாது.)

பயிற்றுநர் மட் கிரேயின் காலமும் அப்படித்தான். இரண்டு முன்கள வீரர்கள், பெட்டிக்குள் வந்து விழுகிற பந்துகள், நீள எறிதல். 2021 மே மாதம் ஹார்ட்டில்பூலை 3-0 என்று வென்று, கழக வரலாற்றில் முதல் தடவையாக லீக்குக்குள் போனோம். லீக்கில் செயற்கைப் புல்லுக்கு இடமில்லை என்பதால் 2015இல் போட்ட தரையைக் கிளப்பி எறிந்துவிட்டு உண்மையான புல் போட்டார்கள். மாரியிலும் ஒரே சீராக உருண்ட பந்து இனி உருளாது, முடிந்தது கதை என்று பலர் சொன்னார்கள். முதல் பருவத்திலேயே 8ஆம் இடம், மேலே ஏறுவதற்கான பிளே-ஓஃபுக்கு ஒரே ஒரு புள்ளி குறைவு. அதே பருவம் வெம்ப்லியில் ரொதர்ஹாமுக்கு எதிரான ஈ.எஃப்.எல். டிரோஃபி இறுதிப் போட்டியில், தொண்ணூறு நிமிடத்துக்குப் பிறகு நடுவர் கூட்டிக் கொடுத்த நிமிடங்கள் முடியும் தறுவாய் வரை 2-1 என்று முன்னுக்கு நின்றோம். பிறகு நடந்ததை எழுத இன்னும் மனம் வரவில்லை.

இப்போது மற்றக் கட்சிக்கு. "அப்படியென்றால் தூக்கி அடிக்கட்டும்" என்று கையைத் தட்டாதீர்கள். நெடும்பந்து கோலாவது பந்து நீளமாகப் போவதால் இல்லை. முன்கள வீரர் தலையால் முட்டிய பிறகு அது விழுகிற இடத்தில் நம் ஆள் நிற்க வேண்டும். மத்தியகளம் இருபது மீற்றர் பின்னுக்கு நின்றால், தூக்கி அடித்த ஒவ்வொரு பந்தும் எதிரணிக்குக் கொடுத்த பரிசு. அடுத்த மட்ச்சில் பந்தைப் பார்க்காமல், அது மேலே போகும்போது நம் மத்தியகள வீரர்கள் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். அணி நல்ல நிலையில் இருக்கிறதா இல்லையா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

குறுகிய பாஸ் ஆட்டத்துக்கும் அதே கணக்குத்தான். 2019இல் விதி மாறியது. கோல் உதையைப் பெட்டிக்குள்ளேயே நின்று நம் பின்கள வீரர் வாங்கலாம். அன்றிலிருந்து கீழ்ப்பிரிவுகள் வரைக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. ஆனால் மன்செஸ்டர் சிட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வந்து நொன்-லீக் (லீக்குக்குக் கீழே ஆடுகிற) பின்கள வீரரிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. இங்கே ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு பருவம், இரண்டு பருவம். கோடையில் பாதி அணி மாறும். நடுவில் பெரிய கழகத்துப் பெடியன் ஒருவன் ஒரு மாத இரவலில் வந்து, நமக்குப் பழகுமுன் போய்விடுவான். மூன்றாவது பாஸ் எங்கே போக வேண்டும் என்பது சேர்ந்து ஆடி ஆடித்தான் காலுக்கு வரும்.

இதில் நம்முடைய பங்கும் இருக்கிறது. கோலுக்குப் பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியும்: கோல் காப்பாளருக்கும் நமக்கும் இடையில் ஒரு வலையும் சில அடிகளும்தான். பந்தைப் பக்கத்தில் நிற்பவருக்குத் தட்டிவிட்ட உடனே நம் வாயிலிருந்து வருகிற அந்த "ஆஆ..." அவருக்கு அப்படியே கேட்கும். அடுத்த தடவை அவர் ஒரு கணம் தயங்குவார். அந்தத் தயக்கத்தை எதிரணி முன்கள வீரரும் பார்த்துக்கொண்டுதான் நிற்பார்.

2024 ஏப்ரலில் லீக்கை விட்டு இறங்கிய கடைசி நாளில் எம்.கே. டொன்ஸுக்கு எதிராக நாலு கோல் அடித்தோம். நாலு வாங்கினோம். எந்தப் பாணியைக் குற்றம் சொல்லப் போகிறீர்கள்?

ஆகவே ஒன்று கேட்கிறேன். மட்ச் நடக்கும்போது பாணியைப் பற்றிக் கத்தாதீர்கள். பந்தை விட்டுவிட்டு ஓடாமல் நிற்கிறவரைப் பார்த்துக் கத்துங்கள், நானும் சேர்ந்து கத்துகிறேன். கழகம் ஆதரவாளர்களைக் கூப்பிட்டுப் பேசுகிற கூட்டங்களுக்கு வாருங்கள். யாழ்ப்பாணத்துக் கழகங்களில் பந்தடித்து வளர்ந்த மாமாக்கள் நம்மோடு நிற்கிறார்கள், அவர்களையும் கூட்டிவாருங்கள். "ஏன் மத்தியகளம் பின்னுக்கு நிற்கிறது" என்ற கேள்வியை வாட்ஸ்அப்பில் கேட்டு ஒருவருக்கும் பிரயோசனமில்லை, அங்கே கேளுங்கள்.

வெளியூர் மட்ச்சுக்குக் காரில் இடம் இருக்கிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். இரண்டு கட்சியும் ஒரே காரில் ஏறலாம்.

இப்படிக்கு,
கோலுக்குப் பின்னால் நிற்கிற உங்களில் ஒருவன்