குத்துக்கற்களைப் பதிவு செய்யுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

'குத்துக்கல்லாட்டம் நிற்கிறான்' என்று இன்றும் சொல்கிறோம். ஆனால் அந்தக் குத்துக்கற்கள்தான் நிற்க இடமில்லாமல் போகின்றன. நொய்யல் ஆற்றுக்கு அருகே, சிறுவயதில் நான் ஆடு மேய்த்த மேட்டுக்காட்டில் ஆள் உயரத்தைத் தாண்டிய இரண்டு கற்கள் இருந்தன. காடு கைமாறியதும் பொக்லைன் வந்தது. இப்போது ஒன்றுதான் மிச்சம். மற்றதை உடைத்து வேலிக்கு நட்டுவிட்டார்கள். வாங்கியவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அது இரும்புக்கால மக்கள் இறந்தோர் நினைவாக நட்ட கல் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

இதே ஆற்றங்கரைக் கொடுமணலில் ஈமக்குழியைச் சுற்றிக் கற்களை நிறுத்திய கல்வட்டங்களும், நெடுங்கல் என்னும் பெரிய குத்துக்கல்லும் உள்ளன. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்களில் தமிழின் பழைய எழுத்து வடிவமான தமிழியே இருந்தது! அவற்றில் ஒன்று, ஆநிரை கவரும் பூசலில் இறந்தவனுக்கு எடுத்த கல். அதையும் யாராவது வேலிக்கு உடைத்திருந்தால்?

ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலரும் தம் எல்லைக்குள் உள்ள இத்தகைய கற்களைச் சர்வே எண்ணோடு பட்டியலிட்டு, தொல்லியல் துறைக்கு அனுப்ப அரசு உத்தரவிட வேண்டும். நிலம் பத்திரப்பதிவுக்கு வரும்போதே வாங்குபவருக்கு அது தெரிய வேண்டும். மிஞ்சியிருக்கும் அந்த ஒற்றைக் கல்லைச் சுற்றி இப்போது மனை அளந்துகொண்டிருக்கிறார்கள்.

– ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்