ஓடுதளம் கிடக்கும் மண் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஸ்பெயினின் தென்கோடியை ஒட்டி பிரிட்டனின் ஆட்சியில் உள்ள ஜிப்ரால்டரின் விமான நிலையத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, பிரிட்டனுக்கும் ஸ்பெயினுக்கும் இடையிலான நில உரிமை வழக்கு முழுவதையும் அவ்வூர் அமைந்துள்ள பெரும்பாறையின் மீதே ஏற்றிச் சொல்லியிருந்தது. விமான நிலையத்தைப் பொறுத்தவரை அது சரியன்று. 1713-ஆம் ஆண்டின் உட்ரெக்ட் உடன்படிக்கையில் நகரம், கோட்டை, துறைமுகம், அவற்றைச் சேர்ந்த அரண்கள் ஆகியவற்றை மட்டுமே விட்டுக்கொடுத்ததாகவும், பாறையைத் தன் நிலத்தோடு இணைக்கும் தாழ்ந்த மணல்வெளியை ஒருபோதும் எழுதிக்கொடுக்கவில்லை என்றும் ஸ்பெயின் சொல்கிறது. ஓடுதளம் கிடப்பது அந்த மணல்வெளியில்தான். 19-ஆம் நூற்றாண்டில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது இரக்கப்பட்டுக் கூடாரம் அடிக்க இடம் கொடுத்ததாகவும், வந்தவர்கள் பிறகு கிளம்பவே இல்லை என்றும் அந்நாடு குறைப்பட்டுக்கொள்கிறது. பிரிட்டனோ அனுபோக பாத்தியதையை, அதாவது நெடுங்காலமாகத் தன் கைவசம் இருப்பதால் வந்த உரிமையை, காட்டுகிறது. 1909-இல் மணல்வெளியின் குறுக்கே வேலியும் போட்டுவிட்டது.

குதிரைப் பந்தயத் திடலாக இருந்த இடத்தை இரண்டாம் உலகப் போர் ஓடுதளமாக்கியது. பாறையைக் குடைந்தபோது வெளிவந்த கல்லை விரிகுடாவில் கொட்டி அதை நீட்டினார்கள். ஊருக்குள் செல்லும் சாலை அதன் குறுக்கே ஓடியதைக் கட்டுரை ஒரு வேடிக்கையாக வருணிக்கிறது. விமானம் வரும்போதெல்லாம் ரயில்வே கேட் போடுவதுபோல் தடுப்பை இறக்கி வண்டிகளை நிறுத்தியது உண்மைதான். ஆனால் வேலிக்கும் பாறைக்கும் நடுவே வேறு இடம் இல்லாததே அதற்குக் காரணம். 2023 மார்ச்சில் வண்டிகளுக்காக ஓடுதளத்துக்கு அடியில் சுரங்கச்சாலை திறந்த பின்னும் நடந்து செல்வோர் ஓடுதளத்தைத்தான் கடக்கிறார்கள்.

நிலையத்தைக் கூட்டாகப் பயன்படுத்த இரு நாடுகளும் 1987-இல் செய்துகொண்ட ஏற்பாடு, நிலத்தின் மீதான தங்கள் உரிமை கரைந்துவிடும் என்று ஜிப்ரால்டர் மக்கள் அஞ்சி எதிர்த்ததால் நடைமுறைக்கு வரவில்லை. அதன் விளைவாக ஐரோப்பிய நாடுகளுக்கிடையே விமான சேவைக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய தாராளமயத்திலிருந்து இந்நிலையம் நெடுங்காலம் ஒதுக்கிவைக்கப்பட்டது. பிரிட்டன், ஸ்பெயின், ஜிப்ரால்டர் மூன்றும் 2006-இல் செய்துகொண்ட கோர்டோபா உடன்பாட்டுக்குப் பிறகே, அவ்வாண்டு டிசம்பரில், மாட்ரிடிலிருந்து ஸ்பானிய நிறுவனமான ஐபீரியாவின் விமானம் அங்கு இறங்கியது. அந்தச் சேவையும் இரண்டே ஆண்டுகளில் நின்றுபோனது. வேலியை ஒட்டி எழுந்த புதிய முனையம் 2011-இல் திறக்கப்பட்டது.

ஜிப்ரால்டர் குறித்து பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் 2025 ஜூனில் எட்டிய உடன்பாட்டோடு வழக்கு முடிந்துவிட்டது என்ற தொனியில் கட்டுரை நிறைவடைகிறது. விமான நிலையத்தில் ஜிப்ரால்டர் அதிகாரிகளும் ஸ்பானிய அதிகாரிகளும் அடுத்தடுத்துக் கடவுச்சீட்டைச் சரிபார்ப்பார்கள் என்பதே அதன் ஏற்பாடு. மண் யாருடையது என்பதில் இரு தரப்பும் தத்தம் நிலையை விட்டுக்கொடுக்கவில்லை. இந்த வேறுபாட்டைத் திருத்தமாக வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

வாசகர் ஒருவர்,
மதுரை.