மறுபடி நிருபராகும் தம்பிக்கு

தம்பி,

திங்கட்கிழமை மறுபடி நிருபர் வேலையில் சேர்கிறாயாம். சந்தோஷம். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால் இங்கே எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடம் இது. எந்தப் பத்திரிகை, யார் யார் இருந்தோம் என்பதெல்லாம் வேண்டாம். உனக்குத் தெரியும்.

நீ எழுதிய அந்த பஸ் விபத்துச் செய்தி. செய்திகளைத் திருத்திப் பக்கத்தில் ஏற்றும் டெஸ்க்கில் நான் இருந்தேன். பக்கம் முடிக்க 20 நிமிடம் இருக்கும்போது வந்தது. மொத்தம் 6 பத்தி. முதல் பத்தி முழுக்க அமைச்சரின் இரங்கல், பதவிகளோடு சேர்த்து 43 சொல்லில் ஒரே வாக்கியம். 7 பேர் இறந்தது ஐந்தாம் பத்தியில். பக்கத்தில் இடம் இருந்ததோ 3 பத்திக்கு. அவசரத்தில் வெட்டுகிறவர் கீழேயிருந்துதான் வெட்டுவார். அப்படி வெட்டியிருந்தால், யாருமே சாகாத விபத்தாக அச்சாகியிருக்கும்.

முழுதும் மாற்றி எழுதி உன் பெயரைப் போட்டு அனுப்பினேன். காலையில் உன் பெயருக்குக் கீழே உன் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும், மன்னித்துக்கொள். 20 நிமிடத்தில் வேறென்ன செய்ய முடியும், அதையும் சொல். போலீசுக்கு முன்னால் ஸ்பாட்டில் நிற்கும் கால் உன்னுடையது, அது எல்லாருக்கும் வாய்க்காது. ஆனால் மறுநாள் "தகவல் கொண்டுவருவது என் வேலை, எழுதுவது டெஸ்க் வேலை" என்றாயே, அது இன்னும் உறுத்துகிறது. இரண்டும் ஒரே வேலை.

உன் நான்காம் பத்தியையே எடுத்துக்கொள். "டிரைவர் தூங்கிவிட்டதாகக் கூறப்படுகிறது." கூறியது யார்? பயணி என்றால், அவர் விழித்திருந்தாரா, உட்கார்ந்த இடத்திலிருந்து டிரைவர் தெரிவாரா என்று கேட்க வேண்டும். விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் என்றால் பெயர் வேண்டும், டிரைவர் தரப்பும் வேண்டும். வேடிக்கை பார்த்தவர் என்றால் அந்த வரியே வேண்டாம். எழுவாய் வைத்து எழுத முயன்றிருந்தால், ஸ்பாட்டை விட்டுக் கிளம்பும் முன்பே நீ கேட்காமல் விட்ட கேள்வி தட்டுப்பட்டிருக்கும். செயப்பாட்டு வினை அந்த ஓட்டையை மூடிவிட்டது. "கூறப்படுகிறது" போட்டால் பொறுப்பு நம்முடையது இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அவதூறு வழக்கு என்று வந்தால் அந்தச் சொல் மட்டும் காப்பாற்றாது.

இன்னொன்று: "போலீசார் தப்பியோடிய கிளீனரைத் தேடி வருகின்றனர்." முதல் இரண்டு சொல்லைப் படிக்கிறவருக்கு ஓடியது போலீஸ். "தப்பியோடிய கிளீனரைப் போலீசார் தேடி வருகின்றனர்" என்று இடம் மாற்றினால் போதும். தமிழில் 'தப்பியோடிய' போன்ற பெயரெச்சத்துக்கு முன்னால் வேறொரு எழுவாய் வந்து நின்றால் இந்தக் குழி உண்டு.

இனிமேல் எழுத உட்காரும் முன் நோட்டை மூடிவிட்டு, நடந்ததைப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரே மூச்சில் சொல். அதுதான் உன் லீட், செய்தியின் முதல் வாக்கியம். 20 சொல்லைத் தாண்ட விடாதே. முடித்ததும் வாய்விட்டுப் படி, மூச்சு முட்டுகிற இடத்தில் முற்றுப்புள்ளி வை. பிறகு நோட்டைத் திறந்து பெயர், வயது, எண் ஒவ்வொன்றையும் விரல் வைத்துச் சரிபார். இறந்தவர் 7 என்றால் பட்டியலில் 7 பெயர் இருக்கிறதா என்று எண்ணு. 10 சதவீதம் 15 சதவீதமானால் அது 5 சதவீத உயர்வு இல்லை. 5 சதவீதப் புள்ளி, கணக்குப்படி 50 சதவீத உயர்வு. கைதானவர் குற்றம் சாட்டப்பட்டவர்தான், தீர்ப்பு வரும்வரை குற்றவாளி என்று எழுதாதே. இதற்கெல்லாம் 10 நிமிடம் ஆகும். டெட்லைன் நெருக்கினால் இரங்கல் செய்தியை விடு, இதை விடாதே.

அந்த 6 பத்தியை இன்னும் வைத்திருக்கிறேன். அன்றே கேட்டிருக்க வேண்டும், இப்போது கேட்கிறேன். டிரைவர் தூங்கிவிட்டார் என்று உன்னிடம் சொன்னது யார்?